விடியக்காலையில் இழுக்காத செல்ஃப்

பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி கெலிஓயா கடைத்தெருவை ஊடறுத்துக் கம்பளைக்குப் போய், அங்கிருந்து புசல்லாவை, றம்பொடை என்று வளைந்து வளைந்து நுவரெலியாவுக்கு ஏறுகிறது. கெலிஓயா மகாவலிப் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 500 மீற்றரில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றரில். ஆயிரம் மீற்றர் ஏறினால் காற்று சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குளிரும். ஆகவே கெலிஓயாவில் மத்தியானம் புறப்பட்டு மாலையில் நுவரெலியாவில் நிற்கும் ஒரு லொறி, உயரத்தால் மட்டும் ஒன்பது பாகை வித்தியாசத்தைக் கடந்திருக்கிறது.

தை மாதத்து இரவு இந்தச் சராசரிக்குள் அடங்காது. மேகமில்லாத, காற்றசையாத இரவில் நிலம் தன் வெப்பத்தை நேரே வானத்துக்குக் கதிராக அனுப்பிவிடும். குளிர்ந்த காற்றுக்குக் கனம் கூட. அது சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். மலைகள் சூழ்ந்த நுவரெலியாவில் சில விடியல்களில் புல்வெளி உறைபனியால் வெளுத்துப்போவதும், தேயிலைக் கொழுந்து கருகுவதும் இதனால்தான். வெட்டவெளியில் நிறுத்திய லொறியின் கூரையும் பொனட்டும் அதே வானத்துக்கு வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடச் சற்றுக் கூடுதலாகவே குளிர்ந்துவிடும். மேலே ஒரு தகரக் கூரையோ அடர்ந்த மரமோ இருந்தால் அந்த இழப்புக் குறையும். காற்று வீசுவதால் என்ஜின் இன்னும் குளிரும் என்று பலர் நம்புகிறார்கள். வீசும் காற்று சூடான இரும்பை வேகமாகக் குளிரச் செய்யும் என்பது சரி. ஆனால் அந்தக் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே அதனால் ஒருபோதும் இறக்க முடியாது. காற்றில் நமக்கு நடுக்கமெடுப்பது நம் உடல் இடைவிடாமல் சூட்டை உண்டாக்கி இழப்பதால். நின்றுபோன என்ஜினுக்கு அப்படி இழக்க ஒன்றுமில்லை.

மார்கழியிலும் தையிலும் இந்த வீதியோரக் கராஜ்களுக்கு வரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான். "பாஸ், பகலெல்லாம் ஒரு தட்டுல எடுக்குது. விடியக்காலையிலதான் செல்ஃப் இழுக்குதில்ல. குளிருக்குத்தான் போல." கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. பகலில் எடுக்கிறது, குளிரில் எடுக்கவில்லை என்றால் குற்றவாளி குளிராகத்தானே இருக்க வேண்டும்?

இந்த அத்தியாயத்தில் நான் நிறுவ விரும்புவது அதற்கு நேர்மாறானது. கெலிஓயாவின் 17, 18 பாகையும், நுவரெலியாவின் 5 பாகையும் கூட, ஆரோக்கியமான ஓர் என்ஜினைத் தடுத்துவைக்கும் குளிரல்ல. நம் நாட்டில் விடியற்காலையில் ஒரு வண்டி எடுக்க மறுக்கிறது என்றால், அதற்குள் ஏதோ ஒன்று மாதக்கணக்காக, பெரும்பாலும் வெயிலிலும் சூட்டிலும், தேய்ந்துகொண்டிருந்திருக்கிறது. குளிர் அதை வெளியே காட்டுகிறது. இதை ஏற்றுக்கொண்டால் பரிகாரமும் மாறிவிடும். விடியக்காலையில் கொதிநீர் ஊற்றுவதையும் சாவியைத் திரும்பத் திரும்ப முறுக்குவதையும் விட்டுவிட்டு, தேய்ந்தது எது என்று தேடத் தொடங்குவோம்.

குளிரே நேரடியாக என்ஜினை நிறுத்தும் இடங்கள் உலகில் உண்டு. லடாக்கில் குளிர்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20, 30 பாகை வரை போகும். டீசலில் இயல்பாகவே கரைந்திருக்கும் மெழுகு அங்கே படிகமாகிப் பில்டரை அடைத்துவிடும். அதற்காகவே இந்தியன் ஒயில் நிறுவனம் 2019 நவம்பரில், பூச்சியத்துக்குக் கீழே 33 பாகை வரை ஓடக்கூடிய ஒரு குளிர்கால டீசலை லடாக்குக்கு அறிமுகப்படுத்தியது. சார்ஜ் இறங்கிய பெட்டரியின் அமிலக் கரைசல் பெரும்பகுதி தண்ணீராகிவிடுவதால், அது அங்கே உறைந்து உறையே வெடித்துவிடலாம். முழுச் சார்ஜில் உள்ள பெட்டரியோ பூச்சியத்துக்குக் கீழே 50 பாகையிலும் உறையாது. அது வேறு உலகம். ஏ5 வீதியின் பிரச்சினை அதுவல்ல.

எடுக்காத வண்டியிடம் முதலில் செய்ய வேண்டியது காது கொடுத்துக் கேட்பது. என்ஜின் உயிர்பெற மூன்று வேண்டும்: போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், எரிபொருள் வர வேண்டும், அதைப் பற்றவைக்கச் சூடோ பொறியோ வேண்டும். சாவியை முறுக்கும்போது வரும் சத்தம் இந்த மூன்றில் எது இல்லை என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடும். "டக டக டக டக" என்று வேகமாக அடித்தால் பெட்டரியில் வலு இல்லை; சொலினொய்ட் இழுத்துப் பிடிக்கும் அந்தக் கணத்திலேயே வோல்ட் விழுந்து அது விட்டுவிடுகிறது. ஒரேயொரு "டக்" கேட்டு அதோடு நின்றால் செல்ஃப் மோட்டாரையோ அதன் வயரையோ பார்க்க வேண்டும். முனகி முனகி மெதுவாகச் சுற்றினால் பெட்டரி, வயர், ஒயில் மூன்றும் சந்தேகத்துக்குரியவை. வழமையான வேகத்தில் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்டரியை விட்டுவிடுங்கள். எரிபொருளோ பற்றவைப்போ தவறுகிறது. இந்தக் கடைசி நிலையில்தான் நம்மவர்கள் அதிகம் பணம் வீணாக்குகிறார்கள். நன்றாகச் சுற்றும் என்ஜினுக்குப் புதுப் பெட்டரி வாங்கிப் போடுகிறார்கள்.

பெட்டரியை எடுத்துக்கொள்வோம். ஈயத் தகடு, ஈயவீரொட்சைட்டுத் தகடு, இடையில் சல்பூரிக்கமிலம்: கஸ்டன் பிளாண்டே 1859 இல் பிரான்சில் செய்துகாட்டிய அமைப்பு இன்றைக்கும் நம் பொனட்டுக்குள் இருக்கிறது. குளிரில் அதன் இரசாயனத் தாக்கம் மெதுவாகும், அமிலக் கரைசல் தடிக்கும், உட்தடை ஏறும். எவ்வளவு? 25 பாகையில் நூறு பங்கு தரும் பெட்டரி 0 பாகையில் ஏறத்தாழ எண்பது பங்கு தரும். நுவரெலியாவின் மோசமான விடியலில் கூட இழப்பு ஐந்திலொன்றைத் தாண்டாது. நல்ல பெட்டரிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. தேவைக்கு மேலேயே அதில் வலு வைத்துத்தான் செய்கிறார்கள்.

மறுபக்கம் பாருங்கள். சூடு பத்துப் பாகை கூடினால் பெட்டரியை அரிக்கும் தாக்கங்களின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதன் ஆயுள் அரைவாசியாகும். கொழும்பின் பகல் வெயிலில், நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் வேனின் பொனட்டுக்குள் 50 பாகைக்கு மேல் கொதிக்கும்போது நேர்த்தகட்டின் ஈயம் அரிக்கப்படுகிறது, தண்ணீர் ஆவியாகிறது, தகட்டின் மேல்விளிம்பு காய்ந்து வெளியே தெரிகிறது. எல்லாம் பங்குனி, சித்திரையில் நடந்து முடிந்துவிடும். அப்போது எவருக்கும் தெரியாது. சூட்டில் ஒயில் இளகியிருக்கும், செல்ஃப் இலேசாகச் சுற்றும், இருக்கிற வலுவே போதும். தை வந்ததும் பெட்டரியிடமிருந்து கொஞ்சம் கூடக் கேட்கிறோம், அதுவோ கொஞ்சம் குறைவாகத் தருகிறது. அந்தச் சிறு இடைவெளியில் வண்டி நின்றுவிடுகிறது.

கெலிஓயாவிலிருந்து தினமும் கண்டிக்குப் போய்வருபவர்களுக்கு இன்னொரு பிரச்சினை உண்டு. தூரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான். ஆனால் பேராதனைச் சந்தியிலும் கெட்டம்பேயிலும் நெரிசல். மழை என்றால் வைப்பர், மூட்டமென்றால் ஹெட்லைட், கண்ணாடி மூடியிருப்பதால் ஏசி. நின்று நின்று ஓடும் என்ஜினின் ஒல்டர்னேட்டர் தன் முழுக் கொள்ளளவில் அரைவாசியைக்கூடத் தராது. செல்ஃப் எடுத்த மின் அந்தப் பயணத்தில் முழுதாகத் திரும்பிச் சேர்வதில்லை. நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போகும் பெட்டரியின் தகடுகளில் ஈயசல்பேற்று கெட்டியான படிகமாகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அது கரையாது. தூரப் பயணம் போகும் லொறியின் பெட்டரியைவிட, கண்டிக்கு மட்டும் போய்வரும் காரின் பெட்டரி சீக்கிரம் போவது இதனால்தான்.

இதைக் கண்டுபிடிக்க விலை குறைந்த ஒரு மல்டிமீட்டர் போதும். வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு, விடியக்காலையில், சாவி போடும் முன் அளக்க வேண்டும். 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் அரைவாசி. 12.0 என்றால் கால்வாசிக்குக் கிட்ட. இது பாதிச் சோதனைதான். சோர்ந்த பெட்டரியும் சும்மா நிற்கும்போது 12.6 காட்டலாம். ஆகவே ஒருவர் சாவியை முறுக்க, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்டுக்குக் கீழே விழக்கூடாது. உட்தடை 0.005 ஓமாக உள்ள நல்ல பெட்டரியிலிருந்து 200 அம்பியர் எடுத்தால் ஒரு வோல்ட் மட்டுமே உள்ளே தொலையும். தேய்ந்து 0.02 ஓமான பெட்டரியில் நான்கு வோல்ட் தொலைந்துபோகும். 12.6 இலிருந்து நான்கு போனால் 8.6, அதில் செல்ஃப் முனகத்தான் முடியும்.

அதே கணக்கு வயர்களுக்கும் பொருந்தும். பெட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சை கலந்த நீலமாகவோ பூத்திருக்கும் தூளும், பொடியில் பூட்டிய எர்த் வயரின் துருவும் சேர்ந்து 0.01 ஓம் தடை கொடுத்தாலே, 150 அம்பியரில் ஒன்றரை வோல்ட் அங்கேயே சூடாக வீணாகிறது. மகாவலிக் கரையின் ஈரக்காற்றில் இந்தப் பூப்பு வேகமாக வளரும். முனைகளைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த சுடுநீரால் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் கிரீஸ் பூசுங்கள். கழற்றும்போது மறைமுனை முதலில், பூட்டும்போது அது கடைசியில். கரைசல் பெட்டரிக்குள் போகக்கூடாது. புதுப் பெட்டரி வாங்கும் முன்னர் இதைச் செய்யாதவர் பணத்தை மட்டுமல்ல, ஒரு நல்ல பெட்டரியையும் வீணாக்குகிறார்.

ஒயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 20டபிள்யூ-50 ஒயில் 40 பாகையில், 0டபிள்யூ-20 ஒயிலைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு தடிப்பு. வெப்பநிலை இறங்க இறங்க இந்த இடைவெளி இன்னும் விரியும். நுவரெலியாவின் விடியலில் 20டபிள்யூ-50 கித்துள் பாணியாகத்தான் ஓடும். "நம்மட சூடான நாட்டுக்குத் தடிச்ச ஒயில்தான் சரி" என்று ஜப்பான் கார்களிலும் அதை ஊற்றுகிறார்கள். மெல்லிய ஒயிலுக்காக வடிவமைத்த என்ஜினில் தடித்த ஒயில் பெட்டரியின் வேலையைக் கூட்டுகிறது. எடுத்த பிறகும் மேலே வால்வுப் பக்கத்துக்கு ஒயில் போய்ச்சேரத் தாமதமாகிறது. கையேட்டில் எழுதியிருப்பதை ஊற்றுவதே அறிவு. பழைய லொறிக்குக் கையேடு தடித்ததைச் சொன்னால் அதையே ஊற்றுங்கள்.

இனி டீசல். விடியக்காலைப் பிரச்சினையின் இதயம் இங்கேதான் இருக்கிறது; இதன் பௌதிகம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

டீசல் என்ஜினில் பொறி கிடையாது. ருடோல்ஃப் டீசல் 1897 இல் ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய என்ஜினின் அடிப்படை, காற்றை நெருக்கினால் அது சூடாகும் என்பதுதான். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதும் இதே விதியால். சிலிண்டர் நிறையக் காற்றை இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கும் பழைய வேன் என்ஜினை எடுத்துக்கொள்வோம். நல்ல நிலையிலுள்ள என்ஜின், செல்ஃப் சுற்றும் வேகத்தில், காற்றின் வெப்பநிலையைக் கெல்வின் அளவில் ஏறத்தாழ 2.45 மடங்காக்கும் என்று வைத்துக்கொள்வோம். கொழும்பில் 30 பாகைக் காற்று 303 கெல்வின். நெருக்கியதும் 742 கெல்வின், அதாவது 470 பாகைக்குக் கிட்ட. நுவரெலியாவில் 5 பாகைக் காற்று 278 கெல்வின். நெருக்கியதும் 681 கெல்வின், 410 பாகைக்குக் கிட்ட. வெளியே 25 பாகைதான் குறைந்தது. உள்ளே 60 பாகை குறைந்துவிட்டது. குளிர் சிலிண்டருக்குள் பெருக்கப்படுகிறது. ஆனாலும் 410 பாகை போதும். டீசல் 210 முதல் 250 பாகைக்குள் தானாகவே பற்றத் தொடங்கும்.

இப்போது அதே என்ஜின் தேய்ந்துவிட்டது என்று கொள்ளுங்கள். பிஸ்டன் ரிங் தளர்ந்து காற்று கீழே கசிகிறது. வால்வு சரியாக உட்காரவில்லை. சோர்ந்த பெட்டரி மெதுவாகச் சுற்றுவதால், நெருக்கப்பட்ட காற்று குளிர்ந்த சிலிண்டர் சுவருக்குத் தன் சூட்டைக் கொடுக்கத் தாராளமாக நேரம் கிடைக்கிறது. 2.45 மடங்கு 1.8 மடங்காக இறங்கினால் என்ன ஆகும்? கொழும்பில் 303 ஐ 1.8 ஆல் பெருக்க 545 கெல்வின், 270 பாகைக்குச் சற்று மேலே. பற்றும் எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. நாலைந்து சுற்றுக்குப் பிறகு இருமிக்கொண்டாவது பிடிக்கும். நுவரெலியாவில் 278 ஐப் பெருக்க 500 கெல்வின், 227 பாகை. எல்லையின் விளிம்பு. அந்த எல்லையும் பொறுமையாகக் காத்திருந்தால் பற்றும் வெப்பநிலை. சிலிண்டருக்குள் கிடைப்பதோ ஒரு செக்கனின் சில நூறிலொரு பங்கு நேரம் மட்டுமே. வண்டி எடுக்காது.

ஒரே என்ஜின், ஒரே நாள். கொழும்பில் எடுத்தது, நுவரெலியாவில் எடுக்கவில்லை. இடையில் அது பழுதாகவில்லை. புறப்படும்போதே பழுதாகத்தான் இருந்தது. உயரமும் கொஞ்சம் சேர்ந்துகொள்கிறது: நுவரெலியாவில் காற்றின் அமுக்கம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் காற்றும் அதற்கேற்பக் குறைவு. கரட்டும் லீக்ஸும் கோவாவும் ஏற்றிக்கொண்டு இருட்டோடு தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் புறப்படும் லொறிகளின் சாரதிகள் இந்தக் கணக்கை எழுதிப் பார்த்ததில்லை என்றாலும், உடம்பால் அறிந்திருக்கிறார்கள். மலைநாட்டில் பழைய வண்டிகளைச் சரிவில் மூக்குக் கீழே இருக்கும்படி நிறுத்தி, டயருக்குக் கல் வைப்பது அந்த அறிவுதான். சரிவில் உருட்டிக் கிளச்சை விடும்போது என்ஜின் செல்ஃப் சுற்றுவதைவிட வேகமாகச் சுற்றுகிறது; கசியவும் குளிரவும் நேரம் குறைகிறது; 1.8 மீண்டும் 2 ஐத் தாண்டுகிறது.

இந்தக் குறையை ஈடுசெய்யவே ஹீட்டர் பிளக் இருக்கிறது. இதன் முன்னோடி டீசலுக்கும் மூத்தது: ஹேர்பேட் அக்ரொய்ட் ஸ்டுவர்ட் 1890 இல் காப்புரிமை பெற்ற என்ஜினில், சிலிண்டரோடு சேர்ந்த ஓர் இரும்புக் குமிழை ஊதுவிளக்கால் சில நிமிடம் சூடாக்கிய பிறகே எடுப்பார்கள். இன்றைய ஹீட்டர் பிளக்கின் நுனி சில செக்கன்களில் 800 பாகையைத் தாண்டும். முன்னறையில் டீசலைத் தெளிக்கும் பழைய டீசல் வேன்களும் சிறு லொறிகளும் இதை நம்பித்தான் இருக்கின்றன.

ஒரு முக்கியமான விடயம் பலருக்குத் தெரியாது. டேஷ்போர்டில் சுருள் வடிவில் எரிந்து அணையும் மஞ்சள் விளக்கு, பிளக் சூடாகிவிட்டது என்பதற்குச் சாட்சி அல்ல. பெரும்பாலான பழைய வண்டிகளில் அந்த விளக்கை நடத்துவது ஒரு நேரக் கணிப்பான் மட்டுமே. நான்கு பிளக்கும் செத்துப்போனாலும் விளக்கு ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணையும். சோதிக்க வேண்டுமென்றால் பிளக்குகளை இணைக்கும் பட்டியைக் கழற்றி, ஒவ்வொரு பிளக்கின் தடையையும் தனித்தனியாக அளக்க வேண்டும். நல்ல பிளக் ஓர் ஓம் அளவு அல்லது அதற்கும் குறைவு காட்டும். செத்தது எதையும் காட்டாது. நாலில் ஒன்று செத்தால் வண்டி எடுக்கும், ஆனால் முதல் இரண்டு நிமிடம் குலுங்கி வெள்ளைப் புகை கக்கும். இரண்டு செத்தால் கெலிஓயாவில் எடுக்கும், நுவரெலியாவில் எடுக்காது.

புகையைப் பார்த்தும் படிக்கலாம். நன்றாகச் சுற்றியும் எடுக்காத டீசல் வண்டியின் சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால், டீசல் சிலிண்டருக்கு வருகிறது, பற்றப் போதிய சூடு இல்லை: ஹீட்டர் பிளக், அல்லது கொம்ப்ரஷன் (காற்றை நெருக்கும் வலு). புகையே இல்லை என்றால் டீசல் வந்து சேரவில்லை. இரவில் வண்டி நிற்கும்போது பழைய ரப்பர் குழாயின் நுண்ணிய வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே போய், டீசல் தாங்கிக்குத் திரும்பிவிடும். குழாய் சூட்டில்தான் காய்ந்து வெடிக்கிறது. குளிரில் இன்னும் விறைத்து வாய் திறக்கிறது. பில்டர் மேலுள்ள கை பம்பை இறுகும்வரை அமுக்கிவிட்டு முறுக்கினால் உடனே எடுக்கிறது என்றால் நோய் இதுதான். புதிய கொமன் ரெயில் என்ஜின்களில் ஒரு வேறுபாடு: குழாயில் சில நூறு பார் அமுக்கம் சேரும்வரை கணினி தெளிக்கவே அனுமதிக்காது. ஓர் இன்ஜெக்டர் உள்ளே கசிந்தால், மெதுவாகச் சுற்றும் குளிர் விடியலில் அந்த அமுக்கம் சேர்வதேயில்லை.

எடுக்காத டீசலுக்கு ஈதர் ஸ்பிறே அடிக்கும் பழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஈதர் மிகக் குறைந்த சூட்டிலேயே பற்றும். சிவக்கச் சூடான ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் அது பிஸ்டன் மேலே வரும் முன்பே வெடித்து, ரிங்கையும் பிஸ்டனையும் உடைத்துவிடும்.

பெற்றோல் வண்டியின் கதை இலகுவானது. திரவப் பெற்றோல் எரியாது, ஆவிதான் எரியும். குளிரில் அதன் இலேசான கூறுகள் மட்டுமே ஆவியாகும். மிச்சம் குளிர்ந்த சுவரில் ஈரமாகப் படியும். அதனால் முதல் சில சுற்றுகளுக்குப் பெற்றோல் கூடுதலாக வேண்டும். கார்பரேட்டர் உள்ள த்ரீவீலில் அந்த வேலையைச் சோக் செய்கிறது. சோக் கேபிள் துருவேறி இறுகி, இழுத்தும் வேலை செய்யாத த்ரீவீல்கள் ஏராளம். பதினொரு மாதம் அதன் தேவையே வராததால் எவரும் கவனிப்பதில்லை. மாறாக, சோக்கை இழுத்துவைத்தே திரும்பத் திரும்ப முயன்றால் பிளக் நனைந்துவிடும். பெற்றோல் மணம் மூக்கில் அடிக்கும். அப்போது சோக்கை விட்டு, எக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து சுற்ற வேண்டும். அதிலும் பிடிக்காவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவைக்க வேண்டும். இன்ஜெக்ஷன் கார்களில் சோக்குக்குப் பதிலாக, குளிர்நீரின் வெப்பநிலையைச் சொல்லும் ஒரு சென்சர் இருக்கிறது. அது கெட்டு, குளிர்ந்த என்ஜினைச் சூடென்று சொன்னால், கணினி பெற்றோலைக் குறைத்துத் தெளிக்கும். பகலில் பிரச்சினை இல்லை, விடியக்காலையில் மட்டும் எடுக்காது.

கெலிஓயாப் பக்கத்தில் குளிரைவிடத் தொல்லை தருவது ஈரம். ஆற்றிலிருந்து எழும் மூட்டம் எல்லாவற்றிலும் படியும். பழைய பெற்றோல் கார்களின் பிளக் வயரில் முடி அளவு வெடிப்பு இருந்தாலும், ஈரத்தின் வழியே உயர் வோல்ட் மின் பொடிக்குப் பாய்ந்துவிடும். பிளக்கில் பொறி விழாது. இருட்டிலேயே பொனட்டைத் திறந்துவைத்து ஒருவர் முறுக்கினால், கசியும் இடத்தில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். கை வைக்காமல் பாருங்கள். வெயில் ஏறியதும் ஈரம் காய்ந்து, "தானாகவே சரியாகிவிட்டது" என்று தோன்றும். வயர் அப்படியேதான் இருக்கும்.

2022 இன் எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் கேன்களில் பெற்றோல் சேர்த்துவைத்தவர்கள், மாதங்கள் கழித்து அதை ஊற்றியபோது வண்டி விடியலில் அடம்பிடித்திருந்தால் வியப்பில்லை. இறுக்கமாக மூடாத கேனிலிருந்து முதலில் பறந்துபோவது அந்த இலேசான கூறுகளே. மிஞ்சுவது சூடான என்ஜினுக்குப் போதும், குளிர்ந்த என்ஜினுக்குப் போதாது. வீட்டுக்குள் பெற்றோல் வைத்திருப்பதன் தீ அபாயம் அதைவிடப் பன்மடங்கு பெரியது.

ஹைபிரிட் கார்கள் நம் வீதிகளில் நிறைந்துவிட்டதால் ஒரு வார்த்தை. பிரியஸ், அக்வா, எக்சியோ ஹைபிரிட் போன்றவற்றில் என்ஜினைச் சுற்றுவது உயர் வோல்ட் பெட்டரியால் ஓடும் மோட்டார். தனிச் செல்ஃப் கிடையாது. ஆனால் கணினிகளை எழுப்புவது சிறிய 12 வோல்ட் பெட்டரி. அது இறங்கிவிட்டால், பெரிய பெட்டரி நிறைய மின் இருந்தும் 'ரெடி' விளக்கு வராது. முனகல் சத்தம் எதுவும் கேட்காததால் பெரிய பெட்டரி போய்விட்டதென்று பயந்து பெருந்தொகை செலவழிக்கப் போகிறவர்கள், முதலில் அந்தச் சிறியதை அளந்து பார்க்கட்டும். அந்தச் சின்னப் பெட்டரியிலிருந்து எடுக்காத லொறிக்கு ஜம்ப் கொடுக்கவும் கூடாது.

ஜம்ப் கொடுக்கும் வரிசை உயிரோடு சம்பந்தப்பட்டது. சிவப்பு வயரை இறங்கிய பெட்டரியின் நேர்முனையிலும், பிறகு நல்ல பெட்டரியின் நேர்முனையிலும் பூட்டுங்கள். கறுப்பு வயரை நல்ல பெட்டரியின் மறைமுனையில் பூட்டி, அதன் மறுநுனியை எடுக்காத வண்டியின் பெட்டரியில் அல்லாமல், தள்ளியுள்ள என்ஜின் இரும்பில் பூட்டுங்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பெட்டரிக்கு மேலே ஐதரசன் தேங்கியிருந்தால் அது வெடிக்கும். சாவியைத் தொடர்ந்து பத்துச் செக்கனுக்கு மேல் முறுக்க வேண்டாம். ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். செல்ஃப் மோட்டாரின் செம்புச் சுருள் இவ்வளவு மின்னோட்டத்தை நீண்ட நேரம் தாங்கச் செய்யப்படவில்லை.

நுவரெலியாவில் இரவு தங்கப் போகும் டீசல் வேனையோ லொறியையோ, புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு கெலிஓயாவிலேயே விடியக்காலையில் சோதித்துவிடலாம். ஹீட்டரைப் போடாமல் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். 17 பாகையில் அது தானாகவே பிடித்தால் கொம்ப்ரஷன் இன்னும் இருக்கிறது. முன்னறை உள்ள பழைய என்ஜின் கொஞ்சம் தாமதித்தே பிடிக்கும், அதில் குற்றமில்லை. நீண்ட நேரம் சுற்றியும் வெள்ளைப் புகை மட்டுமே வந்தால், நுவரெலியாவில் ஹீட்டர் பிளக் நான்கும் முழுதாக வேலை செய்தாக வேண்டும். அவற்றை அன்றைக்கே அளந்துவிடுங்கள். செல்ஃப் சுற்றும்போது மீட்டர் காட்டிய மிகக் குறைந்த வோல்டைப் பெயின்ற் பேனையால் திகதியோடு பெட்டரி மூடியில் எழுதி வையுங்கள். போன வருடம் 10.4, இந்த வருடம் 9.7 என்றால், அடுத்த தைக்கு முன் அதை மாற்ற வேண்டும்.